கற்பூரம் காட்டுன ஃபைல்

ஜன்னல் சீட்டு வேணுமா அண்ணாச்சி? உக்காருங்க, நான் இந்தப்பக்கம் நகந்துக்கிடுதேன். எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பை மட்டும் கால்ல மிதிபடாம பாத்துக்கிடுங்க, அல்வா இருக்கு. நாகர்கோவிலா? ஓ, அங்கருந்து கருங்கலா! நானும் கருங்கலுக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்காமே, ஆன்லைன்ல அப்ளிகேஷன் எல்லாம் போட்டுக் குடுப்பாங்களாம். தெரியுமா? நல்லதாப் போச்சு. அங்க வேல பாக்குற பிள்ளையத்தான் பாக்கப் போறேன். ஜெஸ்லின்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டிருக்கும். உங்களுக்கு ஆதார்ல பேரு திருத்திக் குடுத்துச்சா? அதேதான்.

என் பேரா? என் பேரு எதுக்கு அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்து போகப்போறோம், அவ்வளவுதான. சர்வர்காரன்னு வச்சுக்கிடுங்க. சோத்துக்கு எல போடுத சர்வர் இல்ல, கம்ப்யூட்டர் சர்வர். பாளையங்கோட்டையில ஒரு கம்பெனி, மூணாவது மாடி. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வெப்சைட் எல்லாம் நீங்க செல்லுல அமுக்குனதும் வருதுல்லா, அது எங்கயோ ஒரு மிஷின்லருந்துதான் வரணும். அந்த மிஷின் யார உள்ள விடணும், எங்க அனுப்பணும்னு எழுதி வைக்கிறது என் வேல. அதுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு. அந்த ஃபைல என்னயத் தவிர ஒருத்தன் தொடக்கூடாது. தொட்டதும் இல்ல. அதுலதான் இப்ப வம்பே.

அந்த ஜெஸ்லின் பிள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல, கேட்டுக்கிடுங்க. பத்து நாளா ஃபோன் போடுதேன், எடுக்க மாட்டேங்குது. இருபத்தஞ்சு வயசுப் பிள்ள, எனக்கு நாப்பத்தேழு. ஒரு மரியாதைக்காவது எடுக்கணும்லா?

முதல்லருந்து சொல்லுதேன். ஒரு அறக்கட்டளை இருக்கு. ப்ளஸ் டூ முடிச்ச ஏழப்பட்ட பிள்ளைங்களுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுவாங்க, மூணு வருஷத்துக்கும். அவங்களுக்கு வெப்சைட் செய்யுற வேல எங்களுக்கு வந்துச்சு. பிள்ளைங்க அதுல விண்ணப்பம் போடணும். பேரு தேர்வாச்சுன்னா செல்லுக்கு ஒரு மெசேஜ் போகும், அதுல ஒரு லிங்க் இருக்கும். அத அமுக்கி, 'ஆமா, நான் சேருதேன்'னு உறுதி செய்யணும். வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா அந்த எடம் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போயிரும். பாளையங்கோட்டையில இருக்கிற பிள்ளைங்க நேர்லயே போயி கையெழுத்துப் போட்டுட்டாங்க. வெளியூர்ப் பிள்ளைங்க எழுபத்திமூணு பேரு. அவங்களுக்குத்தான் லிங்க்.

அந்த வெப்சைட் மொத்தமும் எழுதுனது ஜெஸ்லின்தான். நல்லாத்தான் எழுதும், சும்மா சொல்லக்கூடாது. ஆனா இந்தக் காலத்துப் பிள்ளைங்க எழுதுற வெப்சைட்டுக்கும் நாங்க அந்தக் காலத்துல செஞ்சதுக்கும் வித்தியாசம் இருக்கு. அப்பல்லாம் பக்கத்துக்கு ஒரு ஃபைல். முகவரி எதுவோ, ஃபைலும் அதே. இப்ப அப்படி இல்ல. பெரியாஸ்பத்திரின்னு வச்சுக்கிடுங்களேன். முந்தி ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி வாசல். இப்ப எல்லா வாசலையும் பூட்டிட்டாங்க, ஒரே கவுண்டர். யாரு வந்தாலும் கவுண்டருக்குப் போகணும், உள்ள இருக்கிறவங்க சீட்டப் பாத்து, நீ கண்ணுக்குப் போ, நீ பல்லுக்குப் போன்னு சொல்லுவாங்க. கவுண்டர் ஜெஸ்லின் எழுதுனது. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் நான். வாரவங்கள எல்லாம் கவுண்டருக்கு அனுப்பணும். அவ்வளவுதான் என் ஃபைல்ல உள்ள வரி.

அனுப்புனேன் அண்ணாச்சி. ஒருத்தரையும் திருப்பி அனுப்பல. ஆனா கையில இருந்த சீட்ட வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிட்டேன்.

அப்படித்தான் ஆகிப்போச்சு. லிங்க்குல ஒரு கேள்விக்குறி வரும், அதுக்கு அந்தப்பக்கம் ஒரு நீள நம்பரு இருக்கும். அந்த நம்பர வச்சுத்தான் இது இன்ன பிள்ளைன்னு கவுண்டருக்குத் தெரியும். என் வரியில அந்த வால்ப்பகுதியச் சேத்து அனுப்புன்னு எழுதாம விட்டுட்டேன். சின்ன விஷயம். பத்து எழுத்து இருக்குமா, இருக்கும். கவுண்டர்ல வெறுங்கையோட ஒரு பிள்ள வந்து நின்னா என்ன செய்யும்? யாரோ எவரோ, முதப்பக்கத்தக் காட்டிரும். 'நல்வரவு'ன்னு பெருசாப் போட்டு ஒரு குத்துவிளக்குப் படம். பிள்ளைங்க அதப் பாத்துட்டு, சரி, நம்ம பேரு பதிஞ்சிட்டுன்னு செல்ல உள்ள வச்சுட்டுப் போயிட்டாங்க.

நீங்க நெனைக்கிறது புரியுது. ஏன் சோதிச்சுப் பாக்கலன்னு. சோதிச்சோம். ஜெஸ்லின் மிஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு, அதுல என் ஃபைலே கெடையாது பாத்தியளா. என் சர்வர்ல ஏத்துன அன்னைக்குத்தான் வித்தியாசம். அது ஒரு புதன்கிழம. எங்க ஆபீஸ்ல எந்த வெப்சைட்ட ஏத்துனாலும் நல்ல நேரம் பாத்து, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டித்தான் ஏத்துவோம். கற்பூரம் காட்டுன பிறகு மறுநாள் காலை வரைக்கும் சர்வர் ஃபைல ஒருத்தரும் தொடக்கூடாது. சிரிக்காதிய. அந்த வழக்கத்த உண்டாக்குனதே நான்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் கற்பூரம் அணையுறதுக்குள்ள அங்க ஒரு புள்ளி இங்க ஒரு கமான்னு நோண்டி, வந்திருந்த பெரிய மனுஷங்க முன்னாடி சைட்டே படுத்துட்டு. அன்னைக்கு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். அன்னைக்குப் போட்ட சட்டம்.

அந்தப் புதன்கிழம கற்பூரம் காட்டி, முதலாளி சிதம்பரநாதன் சார் தட்டுல கைய வச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருக்காரு. அப்பப் போயி இந்தப் பிள்ள என் காதுல வந்து, "சார், கேள்விக்குறிக்குப் பொறவு உள்ளது எனக்கு வரல்ல சார். அந்த ஒரு வரிய மட்டும் மாத்துங்க சார்"னு சொல்லுது. எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கிட்டு நிக்காங்க. நேத்து வந்த பிள்ள, என் ஃபைல்ல என்ன இல்லன்னு எனக்குச் சொல்லுது. "கற்பூரம் காட்டியாச்சும்மா, நாளைக்குப் பாத்துக்கிடலாம்"னேன். தன்மையாத்தான் சொன்னேன். மறுநாள் எனக்கு வேற வேல வந்துட்டு. அது வாட்ஸாப்ல ரெண்டு தடவ ஞாபகப்படுத்துச்சு. கட்டவிரலத் தூக்கிக் காட்டுற பொம்மை இருக்குல்லா, அத அனுப்பி விட்டேன். பதில் போடாம இருக்கல.

அது ஒண்ணுதான் நடந்தது. அதுக்கு எத்தன பேச்சு!

அந்தப் பத்து நாளும் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதிய. தெனமும் லாக் பாப்பேன். லாக்குனா, யாரு எப்ப வந்தா, எந்த லிங்க்க அமுக்குனா, சர்வர் என்ன பதில் சொல்லுச்சுன்னு மிஷினே எழுதி வைக்கிற குறிப்பு. பதில் சரியாப் போச்சுன்னா இருநூறுன்னு எழுதும். பக்கம் இல்லன்னா நானூத்தி நாலு. எல்லா வரியிலயும் இருநூறு, இருநூறு, இருநூறு. ஒரு தப்புக் கெடையாது. பெருமையா இருந்துச்சு. எங்க மேனேஜர்கிட்டயே காமிச்சேன், பாருங்க சார், நம்ம சர்வருக்கு வந்து ஒருத்தன் கூட இல்லன்னு கேட்டுத் திரும்பிப் போகலன்னு.

அந்த சைட்டுல தொழில்நுட்ப உதவிக்குன்னு என் நம்பரப் போட்டிருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு கூப்பிடும். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஊரு. அவங்க அம்மா ஃபோன்லருந்து. "அண்ணே, நல்வரவுன்னு வருதுண்ணே, அவ்வளவுதானா? என் பேரு வர வேண்டாமா?" அதான் நல்வரவுன்னு வருதுல்லா, பொறவு என்னன்னேன். திரும்பக் கூப்பிட்டுச்சு. "இல்லண்ணே, என் தோழிக்கு நேர்ல போனதுல பேரு போட்டு ரசீது குடுத்தாங்களாம்." இது ஆன்லைன்மா, இப்படித்தான் வரும்னேன். நாலு தடவ கூப்பிட்டுச்சு. நாலாவது தடவ கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அப்ப நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

திங்கக்கிழம காலையில அறக்கட்டளையிலருந்து ஃபோன். வெளியூர்ப் பிள்ளைங்க எழுபத்திமூணு பேருல ஒருத்தரு கூட உறுதி செய்யல, பிள்ளைங்களுக்கு அக்கற இல்ல போலிருக்கு, எடத்த அடுத்தவங்களுக்குக் குடுக்கப் போறோம்னாங்க. முதலாளிக்கு மொகமே செத்துப்போச்சு. பன்னெண்டு மணிக்கு மீட்டிங், எல்லாரும் வரணும்னாரு. சீட்டுல போயி உக்காந்து ஃபைலத் தெறந்தேன். பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. வால்ப்பகுதியச் சேத்து, சேமிச்சு, சர்வர ஒரு தடவ எழுப்பிவிட்டேன். அப்ப மணி பதினொண்ணு நாப்பது.

மீட்டிங்ல முதலாளி கேட்டாரு, லிங்க் வேல செய்யுதா இல்லையான்னு. எல்லாரு முன்னாடியும் பெரிய திரையில போட்டு அமுக்கிக் காட்டுனேன். டக்குனு போச்சு. சோதனைக்குன்னு வச்சிருந்த பேரு வந்துச்சு, உறுதி ஆச்சுன்னு வந்துச்சு. லாக்கயும் காமிச்சேன். ஒரு தப்பு இல்ல சார்னேன். அதுல எது பொய், சொல்லுங்க? அமுக்குனா வேல செஞ்சுச்சு. லாக்ல தப்பு இல்ல. அப்ப அந்தப் பிள்ள என்னயப் பாத்து மெதுவா, "சார், அந்த வரி?"ன்னு கேட்டுச்சு. "எந்த வரி?"ன்னேன். எனக்கு அப்பச் சத்தியமா ஞாபகம் வரல.

என்ன கேக்கிய? ஃபைல மாத்துனது பதினொண்ணு நாப்பது, மீட்டிங் பன்னெண்டுன்னா? ஆமா. இருபது நிமிஷம். ஏன் கேக்கிய?

இருக்கட்டும். பஸ் வள்ளியூருக்குள்ள நுழையுதா? தண்ணி குடிக்கியளா? வேண்டாமா. சரி.

முதலாளி அறக்கட்டளைக்கு எழுதிட்டாரு, எங்க சைட்டு நல்லா வேல செய்யுது, பிள்ளைங்கதான் அமுக்கலன்னு. அதோட முடிஞ்சிருக்கும். இந்தப் பிள்ள சும்மா இருந்திருந்தா! நேரா அறக்கட்டளைச் செயலாளருக்கே கடுதாசி எழுதிட்டு. லிங்க் ஒடஞ்சிருந்துச்சு, பிள்ளைங்க அமுக்கியிருப்பாங்க, லாக்க வாங்கிப் பாருங்கன்னு. கம்பெனிய மீறி வாடிக்கையாளருக்கு எழுதலாமா? முதலாளி அன்னைக்கே வேலய விட்டு நிறுத்திட்டாரு. போகும்போது எல்லாருகிட்டயும் சொல்லிட்டுப் போச்சு, என்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல. அதுல எனக்கு ரொம்ப வருத்தம். அதுக்குப் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுனப்ப ஆளுக்கு நூறு ரூவாய்னு பிரிச்சாங்க, நான் எரநூறு குடுத்தவன்.

அது போயி ஒரு வாரம் கழிச்சு எனக்கு ஒரு ஃபோன் போட்டுச்சு. அந்த ஒரு தடவதான் பேசுனது. "சார், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வேல கெடைக்கும். அந்தப் பிள்ளைங்களுக்கு இந்த எடம் போனா படிப்பு கெடையாது. லாக்க மட்டும் தாங்க சார். கேள்விக்குறிக்குப் பொறவு உள்ள நம்பரும் அதுல பதிஞ்சிருக்கும். யாரெல்லாம் அமுக்குனாங்கன்னு அது ஒண்ணுலதான் இருக்கு"ன்னு. நான் சொன்னேன், லாக் முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும்மா, அழிஞ்சு போச்சுன்னு.

அது பொய்தான். அது ஒண்ணு நான் சொன்ன பொய். அன்னைக்கு சைட்ட ஏத்தி இருபது நாள்தான் ஆகியிருந்துச்சு.

இப்ப எதுக்குப் போறேன்னு கேட்டியள்லா. அறக்கட்டளைக்காரங்க இந்தப் பிள்ள கடுதாசியக் கீழ போடல. கேள்வி கேக்காங்க. திங்கக்கிழம பதினொண்ணு நாப்பதுக்கு சர்வர் ஃபைல மாத்துனது யாரு, எதுக்குன்னு. ஃபைல எப்ப மாத்துனாலும் தேதியும் மணியும் பதிஞ்சிரும் பாத்துக்கிடுங்க. வழக்கமான வேலதான் சார், ஜெஸ்லின் கேட்டுச்சு, செஞ்சேன்னு முதலாளிகிட்டச் சொன்னேன். அப்ப அத எழுதி வாங்கிட்டு வான்னுட்டாரு. அந்தக் கடுதாசிதான் இந்தக் கவர்ல இருக்கு. நானே டைப் அடிச்சு வச்சிருக்கேன். கேட்டது உண்மைதான? அது கேட்டது புதன்கிழம. நான் திங்கக்கிழமன்னு போட்டிருக்கேன். தேதி மட்டும்தான் மாத்தம். ஒரு கையெழுத்து. அதுக்குத்தான் ஒரு கிலோ அல்வா, நெய் அல்வா, வரிசையில நின்னு வாங்குனேன்.

என் நெலமையும் பாக்கணும்லா. நாப்பத்தேழு வயசுல இந்த வேல போச்சுன்னா பாளையங்கோட்டையில எனக்கு வேற எவன் குடுப்பான்? ரெண்டு பிள்ளைங்க படிக்காங்க. பயமா இருக்கு அண்ணாச்சி. நெசமாவே பயமா இருக்கு.

லாக்கா? அழியல. சர்வர்ல இருந்தது நேத்தோட அழிஞ்சு போச்சு. அதுக்கு முந்தி நான் ஒரு பிரதி எடுத்துட்டேன். இதோ, சட்டப்பையில, இந்தப் பென் டிரைவ்ல. எதுக்கு எடுத்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அழியப்போற அன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சங்கரன்கோவில் பொண்ணு ஃபோன் நம்பர வச்சு, விண்ணப்பத்துல தேடி, அதோட நீள நம்பர எடுத்து, லாக்குல தேடிப் பாத்தேன். ஒரு தடவ ரெண்டு தடவ இருக்கும்னுதான் நெனச்சேன். பதினோரு தடவ அமுக்கியிருக்கு அண்ணாச்சி. கடைசித் தடவ அந்த வெள்ளிக்கிழம சாயங்காலம் நாலு அம்பத்திரெண்டு. பதினோரு தடவையும் என் சர்வர் இருநூறு, இருநூறுன்னு எழுதி வச்சிருக்கு. எல்லாம் சரியாம்.

அதுலருந்து எனக்குச் சாப்பாடு எறங்கல.

பொண்ணு பேரா? பேரு... விண்ணப்பத்துல இருந்துச்சு. ஃபோன்லயும் ஒவ்வொரு தடவையும் முதல்ல பேரத்தான் சொல்லும். எனக்கு ஞாபகம் இல்ல.

நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள ஆதாரம் வந்தா எழுபத்திமூணு எடத்தையும் நிறுத்தி வைக்கிறோம்னு அறக்கட்டளை சொல்லியிருக்காம். இல்லன்னா அடுத்த பட்டியல்.

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்கதான் அந்தக் கடைக்குப் பக்கத்துல இருக்கியளே. இந்தப் பென் டிரைவ அந்தப் பிள்ள கையில குடுத்துருவியளா? நான் நாகர்கோவில்லயே எறங்கித் திரும்பிருதேன். கையெழுத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அல்வாவ நீங்க வச்சுக்கிடுங்க. யாரு குடுத்தான்னு மட்டும் சொல்லாதிய. பஸ்ல ஒருத்தரு குடுத்தாருன்னு சொல்லுங்க, போதும். பிள்ளைங்களுக்கும் நல்லது, எனக்கும் வம்பு இல்ல. நல்ல யோசனதான?

ஏன் கைய நீட்ட மாட்டேங்கிய?

பேரு இல்லாத பொருள எப்படிக் குடுக்கன்னா? அந்தப் பிள்ளைக்கு எப்படியும் தெரிஞ்சிரும் அண்ணாச்சி, என்னய விட்டா வேற யாருகிட்ட இருக்கும்? பொறவு பேரு எதுக்கு? என்னது, அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சாப் போதுமா, அறக்கட்டளைக்குத் தெரியணும்லான்னு கேக்கியளா.

ஆமா. அது சரிதான். யாரு எடுத்ததுன்னு தெரியாத லாக் செல்லாது. யாரு வேணும்னாலும் உக்காந்து அடிச்சிருக்கலாமே. அந்தப் பிள்ளையே அடிச்சிருக்கும்பாங்க. சர்வருக்குப் பொறுப்பானவன் கையெழுத்துப் போட்டு, இது எங்க மிஷின்ல இருந்ததுன்னு சொல்லணும். இல்லன்னா திரும்பவும் அந்தப் பிள்ளைங்கள கவுண்டருக்கு அனுப்பிட்டு, கையில உள்ள சீட்ட நானே...

விடுங்க. ஆரல்வாய்மொழி தாண்டியாச்சா? காத்து பயங்கரமா அடிக்கு. அந்தக் கண்ணாடிய இழுத்து விடுங்க.

அண்ணாச்சி, பேனா வச்சிருக்கியளா? இந்தக் கடுதாசிக்குப் பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. மடியில வச்சு எழுதுனா எழுத்து கோணும், பரவாயில்ல. உங்க பைய ஒரு நிமிஷம் குடுங்க, அது மேல வச்சுக்கிடுதேன்.

எழுதிட்டேன். இவ்வளவு செஞ்சதுக்கு அந்தப் பிள்ள ஒரு நன்றியாவது சொல்லும்லா? சொல்லாதா? சரி, சொல்லலன்னாலும் பரவாயில்ல.

கருங்கல் வரைக்கும் நானும் வாரேன். அந்தக் கடைக்குள்ள ஏறும்போது மட்டும் பக்கத்துல நில்லுங்க, தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல. இத ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க, பஸ் ஆட்டத்துல எழுதுனது, எழுத்துப் புரியுதான்னு. முதல்ல பேரு இருக்கா? கோமதிநாயகம். அது நான்தான். அதுக்கு அடுத்த வரியில, புதன்கிழம ஜெஸ்லின் சொல்லியும் நான் மாத்தலன்னு இருக்கா? தேதி சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.